மச்சானைத் திட்டும் உத்தியோகம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் ஃபுட்பால் ஆட்டம் முடிந்ததும் நாங்கள் நேராக வீட்டுக்குப் போக மாட்டோம். மணலோடு மணலாக உட்கார்ந்து இந்திய டீமுக்கு ஆள் எடுப்போம். இப்போது ஆடுகிற டீமுக்கு இல்லை, அதற்கு டெல்லியில் கோட்டுப் போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் எடுப்பது இனிமேல் வரப்போகிற டீமுக்கு. இன்னும் நாலைந்து வருஷம் கழித்து நீலச் சட்டை போட்டுக்கொண்டு தேசிய கீதத்துக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்கப் போகிறவன், இன்றைக்கு எந்தக் கிரவுண்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்த்தவனைத்தான் சொல்லலாம். போனில் பார்த்தேன், ரீல்ஸில் வந்தது என்று எவனாவது ஆரம்பித்தால் மணலை அள்ளி அவன் தலையில் போட்டுவிடுவோம்.

இந்த வேலையில் நான் கில்லாடி. படிப்பில்தான் இல்லை. பிளஸ் ஒன்னில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் பார்த்துக் களைத்துப் போய்க் கைகுலுக்கிப் பிரிந்துவிட்டோம். இப்போது மஞ்சக்குப்பம் பக்கம் தண்ணி கேன் போடுகிறேன். காலையிலிருந்து மாடி ஏறி இறங்குகிற காலுக்கு இன்னொரு கால் எப்படி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஊர் ஸ்டேடியத்தில் ஒரு நாள், அண்ணனுடைய பழைய ஷூவுக்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தது. "இது இந்தியாவுக்கு ஆடும்டா" என்றேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இந்தியாவுக்கு ஆடுவது புதுசு இல்லைதான். இருந்தாலும் அது அப்போது பந்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அந்தப் பெண் பிளேனில் போய் ஆடிவிட்டு வருகிறது.

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சிலையே வைத்திருப்பார்கள். அப்புறம் இரண்டு பையன்களைச் சொன்னேன். ஒருவன் செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். இன்னொருவனுக்கு மஞ்சள் காமாலை. அவ்வளவுதான், எனக்குக் கருநாக்கு என்று பட்டம் கட்டிவிட்டார்கள். தேவனாம்பட்டினத்தில் என் தண்ணி வண்டியைப் பார்த்தாலே பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னது: "தம்பி, எம் புள்ளைக்கு ஆடவே வராதுப்பா. சத்தியமா வராது. நீ வேற ஆளப் பாரு."

இப்படி ஊரில் இருக்கிற எல்லாரையும் சொல்லி முடித்தவன், ஒரே ஒருவனை மட்டும் சொன்னதே இல்லை. சிதம்பரத்தில் இருக்கிற என் அத்தை பையன், என் மச்சான்.

அவன் லெஃப்ட் பேக். என்னைவிடச் சில மாதம் சின்னவன். மாவட்ட செலக்‌ஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போனோம். அவனை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. பிறகு அவன் மாநில ஜூனியர் டீமுக்குப் போனான், நான் தண்ணி கேனுக்குப் போனேன். இதிலெல்லாம்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. என் அப்பா வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு அவன் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் பஸ் பிடித்துப் போவார். நான் ஆடுகிற பீச்சு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒரு நாள் வந்தார், வீட்டுச் சாவி கேட்டு.

"ஏன்டா, உன் மச்சான மட்டும் சொல்ல மாட்டற?" என்று பீச்சில் கேட்பார்கள்.

"சொந்தக்காரனச் சொன்னா ரெகமண்டேஷன்னு சொல்லுவீங்க."

"பொறாமைன்னு சொல்லு."

"உன் மூஞ்சி."

அப்படித்தான் முடியும். முடிந்தவுடன் நான் தண்ணீர் குடிப்பேன். கடலைப் பார்ப்பேன். அவன் இந்தியாவுக்கு ஆடுவான் என்பது எனக்கு அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் வாய் வரவில்லை.

ஒரு நாள் அத்தை கடலூருக்கு வந்தது. திருவந்திபுரம் கோவிலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீடு. கையில் ஒரு பெரிய டப்பா நிறையக் கத்திரிக்காய் கொத்சு. அதை அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டியது.

"உனக்குத்தான்டா மருமவனே. நீ தங்கம்டா."

நான் டப்பாவைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன். "என்னா அத்த, யாராவது எறந்துட்டாங்களா?"

"வாயக் கழுவு. எல்லாம் கேள்விப்பட்டேன். ஊர்ல இருக்கற புள்ளைங்க பேரெல்லாம் சொல்றியாம், எம் புள்ள பேர மட்டும் வாயில எடுக்கறதே இல்லியாம். உன் நாக்கு உனக்கே தெரிஞ்சிருக்கு பாரு. மச்சான் நல்லா இருக்கணும்னு எவ்ளோ கட்டுப்பாடா இருக்க!" அத்தையின் கண் கலங்கிவிட்டது.

அப்பா என்னை முதல்முறையாக ஒரு மனிதனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? கொத்சு நன்றாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

அத்தை கிளம்புகிற நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தது. அந்த வருஷம் மச்சானை இந்தியா ஜூனியர் கேம்ப்புக்கு எடுக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. அவன் ஆடுகிற ஆட்டத்தை எல்லாம் வெளியூரிலிருந்து ஆள் வந்து பார்க்கிறார்கள். சிதம்பரமே அவனைப் புகழ்கிறது. அத்தைக்குத் தூக்கம் இல்லை.

"புகழ்ந்து புகழ்ந்தே சாவடிச்சிடுவாங்கடா. பால்காரன் நேத்து 'உங்க பையன் காலு தங்கக் காலு'ன்றான். சாயங்காலம் கால்ல சுளுக்கு. உங்கப்பனுக்கு முன்ன எங்கம்மாவுக்கு ரெண்டு புள்ள தங்கல. அதனாலதான் இவன் பொறந்ததும் குப்பைன்னு கூப்புட்டாங்க. குப்பைன்னு கூப்புட்டதாலதான் இந்த ஆளு இன்னிக்கி உக்காந்து கொத்சு தின்னுது."

அப்பா தலையாட்டினார். அவருக்கு அது பழைய கதை.

"அதனால நீ வந்து திட்டுடா."

"யார?"

"எம் புள்ளையத்தான். கிரவுண்டுல நின்னு நாலு பேர் காதுல உழற மாதிரித் திட்டு. அவுங்க பத்து வார்த்த புகழ்ந்தா நீ இருவது வார்த்த திட்டு. கண்ணு எல்லாம் கழிஞ்சி போயிடும். நான் திட்டுனா பெத்தவ திட்டு, பலிக்காது. நீ வாய் தொறந்தா ஊரே பயப்புடுது. உன்ன உட்டா எனக்கு யாரு இருக்கா?"

உலகத்தில் வயிற்றெரிச்சல்காரன் எத்தனையோ பேர் இருக்கலாம். பஸ் காசும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, "வா, வந்து எரி" என்று கூப்பிடப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போனேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனேன். கேனை எல்லாம் காலையிலேயே போட்டு முடித்துவிட்டு, சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆலப்பாக்கம் தாண்டும்போது வார்த்தைகளை யோசிக்க ஆரம்பித்தால் முட்லூர் வருவதற்குள் தொண்டை தயாராகிவிடும். கிரவுண்டில் அவன் ஓடுகிற கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்வேன்.

"டேய், வலது காலு எதுக்குடா வச்சிருக்க? வாடகைக்கு உட்டிருக்கியா?"

"திரும்புறான் பாரு, திரும்புறான் பாரு, ரிவர்ஸ் எடுக்கற லாரி கணக்கா! யாராவது பின்னால நின்னு 'வரலாம் வரலாம்'னு சொல்லுங்கய்யா!"

"இடது காலத் தூக்குன சாமி ஊர்ல பொறந்துட்டான். வலது காலு சும்மா நிக்கறதுக்குன்னே நெனச்சிட்டான்!"

கடைசியாகச் சொன்னதற்குச் சிதம்பரத்துக்காரர்களே சிரித்துவிட்டார்கள். ஆனால் எல்லாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது ஆட்டமோ நாலாவதோ, மீசை வைத்த ஒரு ஆள் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யார்யா நீ? எங்க ஊர்ப் பையன் வெளாடறான், நீ கடலூர்லேர்ந்து வந்து திட்டற?"

"சார், எனக்கு இதான் வேல."

"என்னா வேல? எவன் காசு குடுத்து அனுப்புனான்?"

அதற்குள் அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தது. "உடுங்க அவன! நான்தான் திட்டச் சொன்னேன்! நல்லாத் திட்டிட்டு இருந்த புள்ளைய நிறுத்திட்டீங்களே!" என்று அந்த ஆளைத் திட்டியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்ற தாயே வந்து சொன்னதும் என் சட்டையை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தை நீவியும் விட்டார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அத்தை என் திட்டைக் கழிப்பு என்று நினைத்தது. மச்சான் என்ன நினைத்தான் என்று எனக்குக் கொஞ்ச நாள் தெரியவில்லை. அவன் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தான். அதுதான் வம்பு. நான் சொன்னதில் பாதி உண்மை, பாதி எரிச்சல். எது எது என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. "தலையா அது, தேங்காய் நாரா?" என்றேன், மறுவாரம் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். "கோழி ஓடற மாதிரி ஓடற" என்றேன், அவன் ஓடுகிற விதத்தையே மாற்றப் பார்த்துத் தொடையில் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிட்டான். அவன் கோச் என்னைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, ஓட்டத்தப் பத்தி மட்டும் பேசாத. அது நல்ல ஓட்டம். வலது காலப் பத்தி வேணும்னா பேசு, அதை நானும் சொல்லிட்டுதான் இருக்கேன், என் பேச்சக் கேக்க மாட்டறான்."

வலது காலை அவர்தான் சரி செய்தார். தினமும் விடிந்ததும் சுவரில் அடிக்கவைத்துச் சரி செய்தார். நான் வெறும் சத்தம் போட்டவன்.

பொங்கல் லீவுக்கு மச்சான் கடலூர் வந்தான். பீச்சுக்குக் கூட்டிப் போனேன். "எதிர்ல வந்து கட் பண்ணு மச்சான், திட்டிக்கிட்டே பண்ணு" என்றான். மணலில் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனேன். ஒருமுறை தாண்டினேன், இரண்டாவது தரமும் தாண்டினேன். அப்புறம் அவன் என் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அந்தச் சாயங்காலம் முழுக்க ஒருமுறைகூட என்னால் தாண்ட முடியவில்லை. நான் வாய் ஓயாமல் திட்டினேன், அவன் வாய் ஓயாமல் சிரித்தான். பீச்சுக்கு வந்த குடும்பங்கள் சுண்டலைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தன.

திட்டுக்கு அவனும் அடிமையாகிவிட்டான் என்று தெரிந்தது ஒரு ஆட்டத்துக்கு நான் போகாதபோதுதான். வண்டி டயர் வெடித்து நெல்லிக்குப்பம் ரோட்டில் கேன்களோடு நின்றுவிட்டேன். அன்றைக்கு மச்சான் பாதி ஆட்டத்திலேயே ரெட் கார்டு வாங்கினான். போனில் சத்தம் போட்டான். "நீ ஏன்டா வரல? கிரவுண்டே அமைதியா இருந்துது. என்னா பண்றதுன்னே தெரியல, போய் ஒருத்தன் கால்ல ஏறிட்டேன்!"

நான் மன்னிப்புக் கேட்டேன். உள்ளுக்குள் ஒரு சின்னப் பூ பூத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் கேம்ப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அத்தை வாசலில் பூசணிக்காய் உடைத்தது. அவனுக்குப் புது பை, புது ஷூ, பெயர் அச்சடித்த சட்டை. அந்தப் பையை ஸ்டேஷன் வரைக்கும் தூக்கிப் போனவன் நான். கனமே இல்லை, கேனில் பாதிகூட இல்லை. இருந்தும் கை வலித்தது. ரயில் கிளம்பும்போது அப்பா அவன் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கேம்ப்பில் நிறைய பேர். அதிலிருந்து கழித்துக் கழித்துக் கடைசியில் டீம் எடுப்பார்கள். அதில் வந்தால்தான் நீலச் சட்டை. வராவிட்டால் அடுத்த ரயிலில் பையோடு வீடு. அவன் ஆடுகிற இடத்துக்கு இன்னும் இரண்டு லெஃப்ட் பேக் இருந்தார்கள். ஒருவன் மிசோரம், ஒருவன் கோவா. மச்சான் பிராக்டிஸ் மேட்ச் வீடியோவை எனக்கு அனுப்புவான். நான் கேன் வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாய்ஸ் நோட்டில் திட்டி அனுப்புவேன். "கோவாக்காரன் உன்ன பீச்சுல படுக்கப் போட்டு மீன் கணக்கா காய வச்சிட்டான்." "கோச் இந்தில கத்துனா பதிலுக்கு மண்டையாட்டற, என்னா புரிஞ்சிதுன்னு ஆட்டற?" அவன் சிரிக்கிற படம் ஒன்று வரும். அடுத்த வீடியோவில் இன்னும் கொஞ்சம் நன்றாக ஆடியிருப்பான்.

டீம் எடுக்கிற கடைசி மேட்சுக்கு முன்னால் ஒரு வீடியோ வந்தது. ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். உள்ளேயிருந்து அந்தம்மா "கேன் எங்கப்பா?" என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. எதிர் டீம் பையன் ஒருவன் விங்கில் வேகமாக வருகிறான். மச்சான் அவசரப்படவில்லை. காத்திருக்கிறான். இடுப்பைப் பார்க்கிறான். திரும்புகிறான், லாரி மாதிரி இல்லை, தண்ணீருக்குள் மீன் திரும்புகிற மாதிரி. பந்து அவன் வலது காலில் வருகிறது, வலது காலாலேயே நாற்பது கெஜம் தள்ளி ஆள் காலடியில் வைக்கிறான். நான் நிறுத்தினேன், பின்னுக்குத் தள்ளினேன், மறுபடி ஓடவிட்டேன். ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். சட்டை வெளியே இருக்கிறதா, சாக்ஸ் இறங்கியிருக்கிறதா, எதுவாவது. ஒன்றும் இல்லை.

அவ்வளவு நாள் எரிந்ததெல்லாம் சும்மா கங்கு. அன்றைக்குத்தான் நெருப்பு. குறை இருக்கிற ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுகம். குறையைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம்.

சாயங்காலம் போன் வந்தது.

"மச்சான், வீடியோ பாத்தியா?"

"பாத்தேன்."

"நோட்டே வரல? நாளைக்கிக் காலையில மேட்ச். திட்டு."

நான் பேசவில்லை. பேசாமலே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நெல்லிக்குப்பம் ரோட்டில் நான் நின்ற அன்றைக்கு ஆனதுதான் ஆகும். ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டால் போதும். பையோடு வந்துவிடுவான். நான் மறுபடியும் தூக்கிக்கொண்டு போவேன்.

"மச்சான்? இருக்கியா?"

"இருக்கன்."

"என்னாடா, அவ்ளோ மோசமா ஆடுனனா? சொல்லித் தொலை."

அவன் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. சின்ன வயதில் செலக்‌ஷனுக்குப் போன பஸ்ஸிலும் அப்படித்தான் பேசினான். பொய்யாக ஒரு திட்டாவது கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கோழி, நார், லாரி எல்லாம் பழசாகிப் போய்விட்டன. அப்புறம் என்னையறியாமல் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"நாயே, நீ ஆடுனதுல ஒண்ணுமே தப்பு இல்லடா! தேடித் தேடிப் பாத்தன், ஒரு மயிரும் கெடைக்கல! என் வயிறு எரியுதுடா! நான் இங்க மூணாவது மாடிக்குக் கேன் தூக்கறேன், நீ அங்க வலது காலால பூ வைக்கற! எங்கப்பன் உன் போட்டோவ போன்ல வால்பேப்பரா வச்சிருக்கான்டா, பெத்த புள்ள நான் கூடவே இருக்கேன்! நாளைக்கி மட்டும் நீ ஒழுங்கா ஆடல, அந்த மிசோரத்தான் மட்டும் உள்ள போனான், நான் எரிஞ்சதெல்லாம் வேஸ்ட்டுடா! உன்ன சும்மா உட மாட்டேன்!"

தெருவில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு அவன் மெதுவாகச் சிரித்தான். "நெசமாவா, மாமாவா? வால்பேப்பரா?"

"போன வைடா."

"மச்சான், இதான்டா இருக்கறதுலியே பெரிய திட்டு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

டீமில் அவன் பெயர் வந்தது. அத்தை போனில் அழுதுகொண்டே, "உன் வாய்தான்டா, எல்லாம் உன் வாய்தான்" என்றது. பீச்சில் இருந்த பசங்கள், "இப்பயாவது சொல்லுடா, உன் மச்சான் இந்தியாவுக்கு ஆடுவானா மாட்டானா?" என்று என்னைச் சுற்றி உட்கார்ந்து கும்மியடித்தார்கள். அப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தார். "தெருவுல எல்லா வூட்டுக்கும் குடுத்துடு. எப்பிடியும் கேன் போடத்தான போற."

கேனோடு லட்டையும் கொண்டுபோனேன். ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி.

"உன் மச்சானாமே?"

"ஆமாங்க்கா."

"நீயும் ஆடுவியாமே?"

"ஞாயித்துக்கெழம மட்டும்."

"அப்பிடியா, அவரு எவ்ளோ நல்லா ஆடறாரு பாரு" என்று சொல்லிவிட்டு ஒரு லட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். தெருக்கோடிக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பெட்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசி வரைக்கும் நானே தின்றேன். அந்தக் கோடியில் இருக்கிற வீடுகளுக்கு எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவன் இந்தியாவுக்கு ஆடப்போவது இன்றைக்கு வரைக்கும் தெரியாது.